படகு உடலைப் பேட்ச்களாகப் பிரித்து வழுவழுப்பாக இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே இருந்துகொண்டு கணினியில் படகு வரைவது என் வேலை. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் கேள்விகள் கூடிவிடும். கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடலுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு கடலும் உண்டு. கிழக்கே சின்னமுட்டத்து விசைப்படகுகள் மறுபடி இறங்கும் முன்பே, மேற்கே குளச்சல், தேங்காய்பட்டணம் பக்கத்துப் படகுகள் கரையேறிவிடும். யார்டுகளில் வேலை நடக்கும்போது பாலிடெக்னிக் பிள்ளைகளும் மேஸ்திரிமாரும் படகு உரிமையாளர்களும் கேட்டவற்றுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

பேட்ச் என்றால் என்ன?

ஹல் என்கிற படகின் வெளி உடலைக் கணினியில் வரையும்போது, அதை வளைந்த பரப்புத் துண்டுகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு துண்டும் ஒரு பேட்ச். நான்கு பக்கம் உள்ள ஒரு வலை அதன் பின்னால் இருக்கும். அந்த வலையின் முடிச்சுகள்தான் கட்டுப்பாட்டுப் புள்ளிகள். புள்ளியை இழுத்தால் பரப்பு அந்தப் பக்கம் சாயும். பெரும்பாலும் பரப்பு அந்தப் புள்ளியைத் தொடாது, அதை நோக்கி வளைய மட்டும் செய்யும். நர்ப்ஸ் என்று மென்பொருளில் பார்ப்பது இதைத்தான்.

இதன் கணக்கு முதலில் கார் கம்பெனிகளில்தான் பெரிதாக வளர்ந்தது. பிரான்ஸில் சிட்ரோயனில் தெ காஸ்தல்ஜோவும் ரெனோவில் பெசியேயும் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனித்தனியாக ஒரே வழிக்கு வந்து சேர்ந்தார்கள்.

முழு ஹல்லையும் ஒரே பேட்ச்சில் வரைந்தால் என்ன?

வரையலாம். 28 அடி ஃபைபர் வள்ளம், மடிப்பில்லாத உருண்ட உடல் என்றால் நானும் ஒரே பேட்ச்சில்தான் முடிப்பேன். பேட்ச் குறையக் குறைய இணைப்பு குறையும், இணைப்பு குறைந்தால் தலைவலியும் குறையும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பேட்ச்சின் வலை தறியில் நெய்த துணி மாதிரி. வடசேரித் தறியைப் பார்த்தவர்களுக்கு எளிதில் புரியும். பாவில் ஒரு நூலைக் கூட்டினால் அந்த நூல் துணியின் முழு நீளத்துக்கும் ஓடும். பாதியில் நிறுத்த முடியாது. அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், ஒரு நுணுக்கமான வளைவு வேண்டும் என்று ஒரு வரிசைப் புள்ளியைக் கூட்டினால், அந்த வரிசை அது தேவையே இல்லாத பின்பக்கமான அமரம் வரைக்கும் போய்விடும். அமரத்துப் பக்கம் இருந்த அழகான நீண்ட வளைவில் இப்போது ஆட ஐந்து புள்ளிக்குப் பதிலாக ஆறு புள்ளி. எங்காவது ஒன்று இரண்டு மில்லிமீட்டர் தள்ளினாலும் அலை விழும். பெரிய விசைப்படகில் தட்டைப் பக்கம், உருண்ட வயிறு, கூர்மையான அணியம், டிரான்சம் என்கிற வெட்டுப்பட்ட பின்சுவர் எல்லாம் ஒன்றாக வரும். அங்கே பிரிக்கத்தான் வேண்டும்.

ஜி0, ஜி1, ஜி2 என்று சொல்கிறீர்களே, அது என்ன?

இரண்டு பேட்ச் சேரும் இடத்தின் தரம்.

ஜி0 என்றால் விளிம்பும் விளிம்பும் தொட்டுக்கொண்டிருக்கின்றன, இடைவெளி இல்லை. ஓட்டுக் கூரையின் முகட்டில் இரண்டு சரிவுகள் சேர்வது ஜி0. ஜி1 என்றால் சேரும் இடத்தில் இரண்டுக்கும் ஒரே தொடுதளம். கையால் தடவினால் முனை தட்டாது. ஜி2 என்றால் அங்கே இரண்டு பக்கமும் வளைவின் அளவும் ஒன்றே.

ஜி1-க்கும் ஜி2-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பாதையில் வைத்துப் பார்க்கலாம். நேரான சாலை சட்டென்று ஒரு வட்டவில்லாக மாறுகிறது என்று வையுங்கள். இரண்டும் சேரும் இடத்தில் திசை ஒன்றுதான், முனை இல்லை. ஆனால் ஓட்டுநர் அந்த ஒரு நொடியில் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பியாக வேண்டும். பஸ்ஸில் நிற்பவர் ஒரு பக்கம் சாய்வார். இது ஜி1. ரயில் பாதையில் இதை அனுமதிக்க முடியாது. நேர்ப்பாதைக்கும் வட்டவில்லுக்கும் நடுவே வளைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டு போகும் இணைப்பு வளைவு ஒன்றைப் போடுவார்கள். அது ஜி2.

சி1, சி2 என்றும் சில மென்பொருளில் வரும். அது பரப்பின் உள்கணக்கு ஓடும் வேகத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. கண்ணுக்கும் தண்ணீருக்கும் ஜி போதும்.

ஜி1 போதாதா? தடவினால் முனை தட்டவில்லையே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு யார்டுக்கு 32 அடி படகு வரைந்துகொடுத்தேன். அணியத்திலிருந்து கால் பங்கு தூரத்தில் ஒரு பேட்ச் எல்லை. அதில் ஜி1 மட்டும் வைத்தேன். திரையில் சாம்பல் நிறத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தபோது குறையே தெரியவில்லை. ஃபோம் கட்டையைக் கணினி இயக்கும் சி.என்.சி. மெஷினில் செதுக்கிப் பிளக் என்கிற மாதிரி உடலைச் செய்தார்கள், அதன் மேல் மோல்டு என்கிற அச்சை எடுத்தார்கள், முதல் படகு வெளியே வந்தது. வெள்ளை ஜெல்கோட் மேற்பூச்சு கண்ணாடி மாதிரி பளபளத்தது.

அன்று சாயங்காலம் படகைக் கடலைப் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். படகின் பக்கத்தில் தொடுவானம் ஒரு கோடாகப் பிரதிபலித்தது. அமரத்திலிருந்து நீளமாக, அழகாக வந்த கோடு நான் எல்லை வைத்த அதே இடத்தில் மடங்கி மேலே போனது. கோடு அறுபடவில்லை, மடங்கியது. உரிமையாளர் பக்கத்தில் வந்து நின்று, "மக்கா, இந்த இடத்துல என்னமோ முட்டிட்டு நிக்குதே" என்றார். தடவிப் பார்த்தார், ஒன்றும் தட்டவில்லை. மறுபடி பார்த்தார், தெரிந்தது. அவருக்கு ஜி2 என்ற பெயர் தெரியாது. கண் கண்டுபிடித்துவிட்டது. மோல்டில் பட்டி போட்டு, நீளத் தேய்ப்புக் கட்டையால் தேய்த்துச் சரிசெய்ய ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் நான் அங்கே போய் நின்றேன்.

பிரதிபலிப்பு பரப்பைவிட ஒரு படி கீழே காட்டும் என்பது விதி. பரப்பு ஜி1 என்றால் பிரதிபலிக்கும் கோடு தொட்டு மடங்கும். பரப்பு ஜி2 என்றால் கோடு வழுவழுப்பாக ஓடும்.

ஜி2 கிடைக்கப் புள்ளிகளை எப்படி வைப்பது?

எல்லையிலிருந்து எண்ணுங்கள். எல்லையில் இருக்கும் முதல் வரிசை தொடுவதை முடிவு செய்கிறது. இரண்டாம் வரிசை திசையை முடிவு செய்கிறது. மூன்றாம் வரிசை வளைவை முடிவு செய்கிறது. எல்லையின் இரண்டு பக்கமும் உள்ள இரண்டாம் வரிசைப் புள்ளிகளும் நடுவில் உள்ள எல்லைப் புள்ளியும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி, இரண்டு பக்கத் தூரத்தின் விகிதம் எல்லை முழுவதும் மாறாமல் வைத்தால் ஜி1 வந்துவிடும். அதற்கு மேல் மூன்றாம் வரிசை.

ஒரு வெட்டுக்கோட்டில் எண்ணோடு பார்ப்போம். நான்கு கட்டுப்பாட்டுப் புள்ளிகள் உள்ள மூன்றாம் படிப் பெசியே வளைவு என்று வையுங்கள். எல்லைப் புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு உள்ள தூரம், இதைக் கை என்போம், 100 மி.மீ. மூன்றாவது புள்ளி தொடுகோட்டிலிருந்து 30 மி.மீ விலகி இருக்கிறது. எல்லையில் வளைவின் அளவு என்பது இந்த விலகலை கையின் வர்க்கத்தால் வகுத்து, அதில் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது 30 ÷ 10,000 × 2/3 = 0.002. தலைகீழாக்கினால் ஆரம் 500 மி.மீ.

அடுத்த பேட்ச் பெரியது, அதன் கை 200 மி.மீ. மூன்றாவது புள்ளியை எவ்வளவு விலக்க வேண்டும்? இரண்டு மடங்கு கை என்பதால் 60 என்று பலரும் வைப்பார்கள். தப்பு. வர்க்கம் என்பதால் நான்கு மடங்கு, 120 மி.மீ. 60 வைத்தால் அந்தப் பக்கம் ஆரம் 1000 மி.மீ ஆகிவிடும். 500-லிருந்து 1000-க்கு ஒரே தாவல். என் 32 அடிப் படகில் நடந்ததும் இந்த மாதிரித் தாவல்தான்.

மென்பொருள் இதைத் தானே செய்து தரும். ஆனாலும் ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள். பக்கத்துப் பேட்ச்களின் கை நீளம் ஏறத்தாழ ஒன்றாக இருப்பது ஏன் நல்லது என்பது அப்போது விளங்கும்.

கணினி இல்லாமல் ஆசாரிமார் எப்படி இவ்வளவு வழுவழுப்பாகச் செய்தார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அடியில் நீளமாக ஓடும் ஏரா மரத்தை வைத்து, நடுவில் விலா எலும்பு மாதிரி இரண்டு மூன்று வங்குகளை நிறுத்தி, அவற்றின் மேல் ரீப்பர் என்கிற நீண்ட மெல்லிய மரச்சட்டத்தை வளைத்துப் பார்ப்பார்கள். ரீப்பர் எங்கே வங்கைத் தொடவில்லையோ, எங்கே வங்கு ரீப்பரைத் தள்ளுகிறதோ, அங்கே செதுக்குவார்கள் அல்லது துண்டு வைப்பார்கள்.

முடிச்சில்லாத மெல்லிய மரத்தைச் சில இடங்களில் மட்டும் பிடித்து வளைத்தால், வளைப்பதற்கு ஆகும் ஆற்றல் எவ்வளவு குறைவாக இருக்க முடியுமோ அந்த வடிவத்தில் மரம் தானே நிற்கும். பிடித்த இடத்தில் மரத்தின் வளைவு தாவாது, தொடர்ந்துதான் போகும். மரம் தானாகவே ஜி2 தருகிறது. நாம் கணினியில் பயன்படுத்தும் ஸ்ப்லைன் என்ற பெயரே இப்படி வளைக்கும் வரைகம்பிலிருந்து வந்ததுதான். 1946-இல் ஷோன்பெர்க் என்ற கணித அறிஞர் அந்தப் பெயரைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தார். அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே கப்பல் கட்டுகிறவர்கள் கையில் அது இருந்தது.

எல்லைக்கோட்டை எங்கே போடுவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பிரிப்பதில்தான் பாதி வேலை முடிகிறது. தப்பான இடத்தில் பிரித்துவிட்டு இணைப்பைச் சரிசெய்ய நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஹல்லின் குணம் எங்கே மாறுகிறதோ அங்கேதான் எல்லை. படகைக் கரையில் வைத்து முதலில் நிதானமாகப் பாருங்கள். பக்கவாட்டில் ஓர் இடம் வரை முழுத் தட்டையாக இருக்கும், அதற்குப் பிறகு வளையத் தொடங்கும். அந்தத் தட்டை முடியும் கோடு ஓர் எல்லை. அடிப்பாகத் தட்டை முடியும் கோடு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே வயிறு திரும்பும் இடம் தனிப் பேட்ச். கண்ணுக்குத் தெரியும் மடிப்பு இருந்தால் அது கட்டாய எல்லை. அங்கே ஜி0 மட்டும் போதும், வழுவழுப்பாக்க முயன்றால் மடிப்பே மங்கிப்போகும். டிரான்சம் விளிம்பும் அப்படித்தான்.

பெரிய சரக்குக் கப்பல்களில் நடுப்பகுதி நீளத்துக்கு ஒரே வெட்டுமுகமாக ஓடும். அங்கே வயிறு பெரும்பாலும் சரியான கால்வட்டமாக இருக்கும். தட்டைக்கும் வட்டத்துக்கும் நடுவே வளைவு தாவுகிறது, அதாவது அது வெறும் ஜி1. பெரிய கப்பலில் எப்படி அனுமதிக்கிறார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. தண்ணீர் அங்கே நீளவாக்கில் ஓடுகிறது, வளைவின் தாவல் குறுக்குவாக்கில் இருக்கிறது. ஓடும் தண்ணீர் அந்தத் தாவலைக் கடப்பதே இல்லை. இரும்புத் தகட்டை ஒரே ஆரத்தில் உருட்டுவதும் சுலபம். ஆக எல்லா இடத்திலும் ஜி2 வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். தண்ணீரும் பார்வையும் எந்தத் திசையில் எல்லையைக் கடக்கின்றன என்று பாருங்கள். அந்தத் திசையில் ஜி2 வேண்டும்.

இதே காரணத்தால், எல்லை வைக்கவே கூடாத இடம் அணியத்துக்குப் பின்னால் உடல் அகன்று தோள் கட்டும் பகுதி. தண்ணீர் அங்கே திசை மாறுகிறது, வெளிச்சமும் அங்கேதான் விளையாடும். தோள் முழுவதையும் ஒரே பேட்ச்சுக்குள் அடக்குங்கள். எல்லையை முன்னாலோ பின்னாலோ அமைதியான இடத்துக்குத் தள்ளுங்கள்.

இன்னொன்று, எல்லைக்கோடே அழகான வளைவாக இருக்க வேண்டும். நெளிந்த கோட்டின் மேல் எவ்வளவு நல்ல இணைப்பு போட்டாலும் பரப்பு நெளியும். முதலில் கோடுகளை மட்டும் வரைந்து திருத்துங்கள், பரப்பைப் பிறகு போர்த்துங்கள்.

மூன்று மூலைதான் வருகிறது, என்ன செய்வது?

அணியத்தின் அடியில், ஏரா மேலே திரும்பும் இடத்தில் இது எப்போதும் வரும். நான்கு பக்க வலையின் ஒரு பக்கத்தை ஒரே புள்ளியாகச் சுருக்கிவிடலாம் என்று மென்பொருள் ஆசை காட்டும். எல்லா வரிசையும் அந்த ஒரு புள்ளியில் போய்க் குவியும். முந்தானையைக் கொத்தாகப் பிடித்தது மாதிரி அதைச் சுற்றிச் சுருக்கம் விழும். பரப்பு அங்கே எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையே கணக்கால் சொல்ல முடியாமல் போகும்.

இரண்டு வழி உண்டு. பேட்ச்சைத் தேவைக்கு மேல் பெரிதாக, நான்கு மூலையோடு இழுத்துவிட்டு, மிஞ்சியதை வெட்டிவிடலாம். அல்லது முக்கோணத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து மூன்று பக்கத்தின் மையத்துக்கும் கோடு இழுத்தால் மூன்று நான்மூலைத் துண்டுகள் கிடைக்கும். எங்கள் அளவுப் படகுகளுக்கு நான் முதல் வழியைத்தான் எடுப்பேன்.

அந்த நடுப்புள்ளியில் மூன்று பேட்ச் சேர்கின்றனவே, அங்கே வழுவழுப்பு வருமா?

நான்கு பேட்ச் சேரும் மூலை சாதாரண மூலை. மூன்றோ ஐந்தோ சேர்ந்தால் கணக்கு முரண்டு பிடிக்கும். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது இழுக்கும். இதைத் தவிர்க்க வந்த வழிகளில் ஒன்று உட்பிரிவுப் பரப்பு. வலையை மறுபடி மறுபடி நறுக்கி மென்மையாக்கும் முறை. 1978-இல் வந்த கேட்மல்-கிளார்க் முறையில் எல்லா இடத்திலும் வளைவு தொடரும், இந்த மாதிரி விசேஷப் புள்ளிகளில் மட்டும் திசை தொடர்ச்சியோடு நின்றுவிடும். ஃப்ரீஷிப் மென்பொருள் உட்பிரிவுப் பரப்பில்தான் வேலை செய்கிறது. விசேஷப் புள்ளியைத் தண்ணீருக்கு அடியில், தட்டையான இடத்தில் ஒதுக்கி வையுங்கள்.

பிளைவுட் படகுக்கும் இதெல்லாம் வேண்டுமா?

வேண்டாம். 1980-களில் நம் கரையில் பிளைவுட் வள்ளங்கள் பரவின. ஷீட் ஒரு திசையில் வளையும், அதே நேரத்தில் குறுக்கேயும் வளைக்கப் போனால் உடையும். ஆக ஒவ்வொரு ஷீட்டும் தாளைப் போலத் தட்டையாக விரிக்கக்கூடிய பரப்பாக இருக்க வேண்டும். ஷீட்டும் ஷீட்டும் மடிப்பில் சேரும், அங்கே ஜி0. உங்கள் கவலை முழுவதும் ஷீட் விரியுமா என்பதில் இருக்கட்டும். ஃபைபருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, எந்தப் பக்கமும் வளையும். இணைப்பின் பாடு ஃபைபரோடுதான் கூடியது.

பாதிப் படகை வரைந்து பிரதி எடுக்கிறோம். நடுக்கோட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

உருண்ட அடி என்றால் நடுக்கோட்டுப் புள்ளியும் அதற்கு அடுத்த புள்ளியும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஜி1 வந்துவிடும். இரண்டு பக்கமும் கண்ணாடிப் பிம்பம் என்பதால் வளைவும் தானாகவே ஒன்றாகிவிடும், ஜி2 இலவசம். வி வடிவ அடிக்கு இது தேவையில்லை.

இணைப்பில் தலைமுடி அளவு இடைவெளி தெரிகிறது. பரவாயில்லையா?

வெட்டிச் சேர்த்த பேட்ச்களில் இது இருக்கும். இரண்டு விளிம்பும் ஒன்றேபோல் இருக்காது, குறித்த அளவுக்குள் நெருங்கியிருக்கும். படகு கட்ட 0.01 மி.மீ இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. நீரோட்டத்தைக் கணக்கிடும் மென்பொருளுக்கு அனுப்பினால் அது ஓட்டையாகத் தெரிந்து வேலை நிற்கலாம். கோப்பைத் தொடங்கும்போதே அளவுப் பிழை வரம்பை இறுக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் மாற்றினால் பழைய இணைப்புகள் மாறாது.

அப்பா காலத்து வள்ளம் நன்றாக ஓடும். அதை அளந்து மோல்டு செய்ய முடியுமா?

தாராளமாக. டேப்பும் தூக்குக் குண்டும் வைத்து அளந்தாலும் சரி, ஸ்கேன் செய்தாலும் சரி. ஆனால் கிடைத்த எல்லாப் புள்ளியையும் பேட்ச் தொட வேண்டும் என்று நினைக்காதீர்கள். மணலில் பல வருடம் இழுபட்ட உடலில் பள்ளமும் பட்டியும் இருக்கும். எல்லாவற்றையும் தொட்டால் அந்தக் காயங்களையும் புதுப் படகில் வரைந்துவிடுவீர்கள். குறைந்த புள்ளிகளோடு தொடங்கி, அளவிலிருந்து இரண்டு மூன்று மி.மீ விலகினால் விட்டுவிடுங்கள். பத்து மி.மீ விலகும் இடத்தில் மட்டும் நின்று யோசியுங்கள். அது தேய்மானமா, இல்லை கட்டிய ஆசாரி வேண்டுமென்றே கொடுத்த வடிவமா? இரண்டாவது என்றால் அதை விட்டுவிடக் கூடாது. வயதான மேஸ்திரி யாராவது இருந்தால் கூடவே நிறுத்திக் கேளுங்கள்.

சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வரிக்குதிரைக் கோடுகள் என்ற காட்சி பெரும்பாலான மென்பொருளில் உண்டு. கருப்பு வெள்ளைப் பட்டைகள் ஹல்லில் பிரதிபலிப்பதாகக் காட்டும். எல்லையில் பட்டை அறுந்தால் ஜி0, மடங்கினால் ஜி1, ஓடினால் ஜி2. பிறகு வளைவுச் சீப்பு. கோட்டின் மேல் சீப்புப் பற்கள் மாதிரி குச்சிகள் நிற்கும், வளைவு அதிகமான இடத்தில் குச்சி நீளம். எல்லையில் குச்சியின் நீளம் சட்டென்று மாறினால் பிடிபட்டது. உடலைக் கிடைமட்டமாக வெட்டினால் வரும் நீர்மட்டக் கோடுகளோடு நிறுத்தாமல், சாய்வாக வெட்டினால் வரும் சாய்வெட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். வயிறு திரும்பும் இடத்தின் குறையை அவைதான் தெளிவாகக் காட்டும்.

யார்டில் இதையே ஒரு டியூப் லைட் செய்யும். பிளக்குக்குப் பளபளக்கும் கருப்புப் பெயின்ட் அடித்து, இருட்டிய பிறகு டியூப் லைட்டை நீளவாக்கில் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். பெயின்ட் அடிக்க மனமில்லை என்றால் தண்ணீர் ஊற்றி நனைத்தும் பார்க்கலாம், காய்வதற்குள் பார்த்துவிட வேண்டும். மோல்டு எடுப்பதற்கு முன் இதைச் செய்தால் ஒரு மணி நேரம் போகும்.

இதனால் டீசல் மிச்சமாகுமா?

தோள்பகுதியில் தண்ணீர் ஓடும் திசையில் வளைவு தாவினால் அங்கே அழுத்தமும் திடீரென மாறும், அது நல்லதில்லை. ஆனால் நம் அளவுப் படகுக்கு அடியில் பிடித்த பாசியும் சிப்பியும், பொருந்தாத புரொப்பெல்லரும் தின்கிற டீசலோடு இதை ஒப்பிட முடியாது. டீசலைக் காட்டி யாருக்கும் ஜி2 விற்காதீர்கள். நல்ல இணைப்பின் பலன் வேறு இடத்தில் இருக்கிறது. வங்கு வெட்டும் கோடுகள் நம்பகமாக வரும், மோல்டில் பட்டி வேலை குறையும், ஒரே மோல்டில் எடுக்கும் எல்லாப் படகும் பார்க்க லட்சணமாக இருக்கும்.

எதில் பழகத் தொடங்கலாம்?

ஃப்ரீஷிப் இலவசம். அதிலிருந்து வளர்ந்த டெல்ஃப்ட்ஷிப்புக்கும் இலவசப் பதிப்பு உண்டு. நர்ப்ஸ் பேட்ச்களைக் கையால் இணைத்துப் பழக ரைனோ நல்லது, காசு கொடுக்க வேண்டும். எதைத் திறப்பதற்கு முன்பும் ஒரு பலகையில் நாலு ஆணி அடித்து, அவற்றின் நடுவே ஒரு மெல்லிய ரீப்பரை வளைத்து, பென்சிலால் கோடு இழுங்கள். பிறகு ஓர் ஆணியைச் சற்றே நகர்த்தி மறுபடி இழுங்கள். ஒரு புள்ளி நகர்ந்தால் வளைவு எவ்வளவு தூரம் வரை மாறுகிறது என்று அந்த இரண்டு கோடும் காட்டும். அந்தப் பலகையை மேசை மேலேயே வைத்துக்கொண்டு முதல் பேட்ச்சை வரையுங்கள்.